வெள்ளிமலையில் கட்டியிருந்த ஆடு

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். ஜெர்மனியில், சுவரில் மூன்று பட்டங்களை மாட்டி வைத்திருக்கும் ஒரு குழந்தை மருத்துவரிடம் போய், என் பத்து வயது மகளின் வயிற்றில் பதினோரு வாரமாக ஏதோ தீனி சிக்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

"எத்தனை நாளாக?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"செப்டம்பரில் பள்ளி திறந்ததிலிருந்து."

"என்ன உணவு?"

"வெளியே எடுத்தால்தான் தெரியும்."

"யார் எடுப்பார்கள்?"

"அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். ஆனால் மலைமேல் இருக்கிறார்கள்."

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நான் சொன்னதை ஒரு வரி விடாமல் கணினியில் தட்டிக்கொண்டார். இந்த நாட்டில் அசட்டுத்தனத்துக்கும் ஒரு கோப்பு எண் கிடைத்துவிடும். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மகள் மதி, நான் பேசிய ஜெர்மனில் இரண்டு பிழைகளைத் திருத்தினாள். தீனி விஷயத்தைத் திருத்தவில்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். நான் சொல்ல முயன்றது தொக்கம். பிள்ளை சாப்பிட்ட ஏதோ ஒன்று இறங்காமல் உள்ளேயே நின்று, வயிற்றுவலியும் வாந்தியுமாகப் படுத்தினால் தொக்கம் என்பார்கள். தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப்போனால் வயிற்றை நீவி, குழலை வைத்து உறிஞ்சி, சின்னதாக ஒரு துண்டைத் தட்டில் துப்பிக் காட்டுவார். பிள்ளை எழுந்து ஓடிவிடும். எனக்கே எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

என் வேலை கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். இதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நீங்களே என்னைக் கேலி செய்துகொள்ளலாம்.

2

எங்கள் வீட்டில் காலை என்பது ஏழு பத்துக்கு வாசலில் நடக்கும் ஒரு சண்டை. மதி ஒரு ஷூவைப் போட்டுக்கொள்வாள். இரண்டாவது ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திக்கொள்வாள். முகம் சுண்ணாம்பு பூசினமாதிரி ஆகிவிடும்.

"அம்மா, வலிக்குது."

என் மனைவி செல்வி திருநாவலூர்க்காரி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. ஓமத்தண்ணீர் கொடுத்தாள். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினாள். பெருங்காயத்தைக் குழைத்துப் பூசினாள். அந்த வாசனையோடு வகுப்புக்குப் போனால் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று மதி சொன்ன பிறகு அதை நிறுத்தினாள். சில நாள் பள்ளிக்கு அனுப்பவில்லை. அனுப்பிய நாளில் பாதி, பள்ளியிலிருந்து போன் வரும்: வந்து கூட்டிப்போங்கள்.

சனிக்கிழமை வலி கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். இந்த ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு நான் தீர்ப்பு எழுதினேன். "ஸ்கூல் இருந்தா வலி, லீவு வுட்டா வலி இல்ல. இது டாக்டருக்கே தெரியாத புது நோவு" என்று அவள் எதிரிலேயே செல்வியிடம் சொல்லிச் சிரித்தேன். மதியும் லேசாகச் சிரித்தாள். நான் எது சொன்னாலும் சிரிப்பாள். அப்பன் ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

இந்த வருடம் அவள் நான்காம் வகுப்பு. இங்கே நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். மேற்படிப்புக்கு நேராகக் கொண்டுபோகிற ஜிம்னாசியம் ஒன்று. கொஞ்சம் நிதானமாகப் போகிற நடுப்பள்ளி ஒன்று. தொழிலுக்குத் தயார் செய்கிற பள்ளி ஒன்று. எந்தப் பள்ளி பொருத்தம் என்று ஆசிரியர் பிப்ரவரியில் ஒரு கடிதம் தருவார். நடுப்பள்ளியில் போய்விட்டுப் பிறகு ஏறி வந்தவர்கள் நிறையப் பேர். எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்த பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரிதான் அதை நான் ஊருக்கு விளக்கியிருந்தேன்.

ஞாயிறு மாலை ஊருக்கு வீடியோ போன். எதிர்முனையில் கள்ளக்குறிச்சியில் இருக்கும் மல்லிகா அக்கா, அவள் வீட்டுக்காரர் வேலு மாமா. மாமாவும் என்னைப் போலவே ஒரு ஜாலிப் பேர்வழி.

"இன்னா மாப்ள, நம்ம பாப்பா அந்தப் பெரிய ஸ்கூலுக்கு போயிடுமா?"

"போவலன்னா கவலையே இல்ல மாமா. வெள்ளிமலைல ஒரு ஆடு வாங்கிக் கட்டி வெய்யி. அனுப்பி வுட்டுடுறேன். மேய்ச்சிக்கினு கெடக்கட்டும்."

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலைமேல் இருக்கிற ஊர் வெள்ளிமலை. எல்லோரும் சிரித்தோம். மாமா சும்மா விடுகிற ஆளா. அடுத்த ஞாயிறு, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு வெள்ளாட்டின் படம் வந்தது. 'ரெடி' என்று கீழே எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வாரம் ஆட்டுக்குப் பெயர் வைத்தார். அதற்கும் அடுத்த வாரம் அது குட்டி போட்டுவிட்டது. மதியை போன் முன்னால் இழுத்து உட்கார வைத்து, "ஒன் ஆட்ட பாரு" என்று காட்டினேன். அவள் பார்த்தாள். சிரித்தாள்.

ஞாயிறு இரவு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மத்தியானம் செய்த பிரியாணி ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

3

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த அன்று கேசரி கிண்டுவதாக இருந்தோம். தபால்பெட்டியில் பள்ளிக்கடிதம் கிடந்தது.

எனக்கு ஜெர்மன் வேலைக்கு ஆகும். கடிதத்துக்கு ஆகாது. வங்கியோ வாடகையோ விசாவோ, எங்கள் வீட்டில் எந்த அரசாங்கக் காகிதம் வந்தாலும் மதிதான் படித்துச் சொல்வாள். ஏழு வயதிலிருந்து அவளுக்கு இதுதான் உத்தியோகம். அன்றும் பழக்கதோஷத்தில் உறையைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

நின்றபடியே படித்தாள். "மதி ஒம்போது நாள் வரல. இனிமே ஒவ்வொரு நாளுக்கும் டாக்டர் எழுதிக் குடுக்கணும். ஸ்கூலுக்கு வர்றது..." ஒரு நீளமான வார்த்தையில் நின்றாள்.

"அது இன்னா வார்த்த?"

"கடம. சட்டப்படி."

"அப்பால?"

"அவ்ளோதான். நம்மள கூப்ட்டு பேசணுமாம்."

தன்மேல் வந்த புகாரைத் தானே மொழிபெயர்த்துவிட்டு, காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள். அன்று கேசரி இறங்கவில்லை. அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனதும், நான் தொக்கத்தை ஜெர்மனில் பேசியதும்.

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். இன்னும் எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எல்லாம் சுத்தம். முடிவைக் கேட்டுவிட்டு டிராமில் வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணுமில்ல பாத்தியா. ஒனக்கு ஒண்ணுமே இல்லையாம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப நான் பொய் சொல்றனா?" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி.

மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்: வலி இருக்கிறது, நிஜமான வலி, குடலில் காரணம் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் டிராம் ஏறியிருந்தேன்.

அவளிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார். தினமும் காலையும் மாலையும் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுத வேண்டும். பக்கத்தில் அப்போது என்ன நடந்தது என்று ஒரு வரி. எழுதுவது பிள்ளை மட்டும். பெற்றோர் பிரிக்கக் கூடாது. அதை என்னைப் பார்த்து இரண்டு முறை சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு அதற்குள் ஓர் அபிப்பிராயம் வந்திருந்தது.

4

எனக்குத் தொக்கம் எடுத்த கதையை இங்கே எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். நடித்தே காட்டுவேன். உங்களுக்கும் சொல்கிறேன், எப்போதும் சொல்கிற மாதிரியே.

ஆறாம் வகுப்பு. காலையில் பையை எடுத்தால் வயிறு பிடித்துக்கொள்ளும். கள்ளக்குறிச்சியில் ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. எங்களுக்கு மரவள்ளி வெள்ளாமை. கிழங்கு பிடுங்க ஆள் வந்து, ஏற்ற லாரியும் வந்து நின்ற நாளில், அப்பா எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு என்னை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனார். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறியது. மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தேன். முன் சீட்டுக்காரரின் துண்டு அதற்கு ஆயிற்று. அவர் திட்டிய திட்டில் அடுத்த நாலு வளைவு தெரியாமலே போயிற்று.

தொக்கம் எடுக்கிற அம்மா வாசலில் சாமை காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பாயில் படுக்க வைத்தாள். பித்தளைக் குழலைக் கழுவித் தொப்புளுக்கு மேல் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். தட்டில் துப்பினாள். பார்த்தால், அரை மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.

"அந்த மல்லாட்டை வறுத்ததா அவிச்சதா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை" என்று இந்த இடத்தில் சொல்வேன். விருந்து சிரிக்கும். மறுநாளிலிருந்து எனக்கு வலி இல்லை. இதுதான் கதை.

5

சோதனை முடிவுகள் வந்த வாரம், மதி பள்ளியில் இருக்கும் நேரத்தில் அக்காவுக்கு போன் செய்தேன். தொக்கம் எடுக்க இப்போது அங்கே யாராவது இருக்கிறார்களா, வீடியோவில் பார்த்துச் சொல்வார்களா என்று கேட்டேன். விளையாட்டாக ஆரம்பித்தேன். ஆனால் பாதிக்கு மேல் நிஜமாகத்தான் கேட்டேன். ஒரு பிள்ளை ஒரு ஷூவோடு குந்தியிருப்பதைத் தினமும் பார்த்தால் நீங்களும் கேட்பீர்கள்.

"போன்ல எப்பிட்றா உறிஞ்சுவாங்க?" என்றாள் அக்கா. "ஒனக்கு புத்தி கித்தி இருக்குதா?"

"எனக்கு எடுத்து சரியாச்சே. அரை மல்லாட்ட வந்திச்சே."

"மல்லாட்டய சொல்லிக்கினே திரியற. அட்டைய ஏன் சொல்லமாட்டேங்கற?"

"எந்த அட்ட?"

அன்றைக்கு வெள்ளிமலைக்கு அக்காவும் எங்களோடு வந்திருந்தாள், எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். என் கதையில் நான் அவளையும் விட்டுவிட்டிருந்தேன்.

"அந்தம்மா ஒன் சட்டைய தூக்குனாங்கல்ல. அரணாக்கொடில சொருவி வெச்சிருந்த. ரேங்க் அட்ட. நாலா மடிச்சி. எத்தினி நாளா வெச்சிருந்தியோ, வேர்வைல ஊறி கந்தலா கெடந்திச்சி. நாப்பத்தியொண்ணாவது ரேங்க்."

அவள் சொல்லச் சொல்ல இடுப்பில் அந்த அட்டையின் முனை குத்தியது. குனிந்தால் குத்தும், உட்கார்ந்தால் குத்தும். வீட்டில் எங்கே ஒளித்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று உடம்பிலேயே ஒளித்திருந்தேன். கையெழுத்து வாங்காமல் வகுப்புக்குப் போனால் வாத்தியார் வெளியே நிறுத்துவார். காட்டினால் அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. அதையெல்லாம் மறந்தேன் என்று சொல்ல முடியாது. சிரிப்பு வராத பகுதி என்று ஒவ்வொரு விருந்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டிருக்கிறேன். கடைசியில் மல்லாட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எடுத்து அப்பா கைல குடுத்துட்டு, அவங்க பாட்டுக்கு கொழல வெச்சாங்க."

"அப்பா?"

"எறங்கி வரும்போது கண்டக்டர் கிட்ட பேனா வாங்குனாரு. முட்டி மேல வெச்சி கையெழுத்து போட்டாரு. பஸ்ஸு ஆட்டத்துல எழுத்து இழுத்துக்கினு போச்சி. மடிச்சி ஒன் கைல குடுத்துட்டாரு."

"திட்டலயா?"

"திட்டவும் இல்ல, புத்தி சொல்லவும் இல்ல. கச்சிராயபாளையத்துல பக்கோடா வாங்கிக் குடுத்தாரு. நீ என்னுதையும் சேத்து துன்ன."

அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரு நாள் வேலையை விட்டு, ஒரு மலை ஏறி இறங்கி, ஒரு கையெழுத்து போட்டிருக்கிறார். நான் அதை மல்லாட்டையின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

6

மூன்று வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு மருத்துவரிடம் போனோம். செல்வியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். மருத்துவர் முதலில் மதியிடம் தனியாகப் பேசினார். பிறகு, மதியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, எங்களையும் உள்ளே அழைத்தார். எண்களை வைத்து ஒரு கோடு போட்டிருந்தார். ஏறி இறங்கி அது கல்வராயன் மலை மாதிரி இருந்தது.

"திங்கள் காலை அதிகம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இதைப் பாருங்கள்." ஒரு சிகரத்தைத் தொட்டார். "ஞாயிறு மாலை வலி ஏழு. அடுத்த ஞாயிறு மாலை எட்டு. அதற்கடுத்ததும் எட்டு. ஞாயிறு பள்ளி இல்லை. ஞாயிறு மாலை உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?"

"பிரியாணி செய்வோம்" என்றேன். "மத்தியானம்."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. மதி ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்விதான் தமிழில், என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நீங்க ஊருக்கு போன் போடுவீங்க."

மருத்துவருக்கு அந்த வாக்கியம் புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்திருக்கும். மொழிபெயர்க்கச் சொல்லி மதியைத்தான் பார்த்தார். அந்த ஒரு முறை நான் அவளைக் கேட்கவில்லை. நானே என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். என் அக்கா, அவள் கணவர், மலை, ஆடு. ஆட்டின் படத்தையும் போனில் எடுத்துக் காட்டினேன். விருந்தில் என்றால் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள்.

"இது வேடிக்கைக்காகச் சொன்னது என்று உனக்குத் தெரியுமா?" என்று மருத்துவர் மதியிடம் கேட்டார்.

மதி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு ஜெர்மனில் இல்லாமல் என்னிடம் தமிழில் கேட்டாள்.

"அங்க ஸ்கூல் இருக்குதாப்பா?"

ஆட்டின் படம் தெரிந்த போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

"எனக்கு ஆடு மேய்க்கத் தெரியாது" என்றாள்.

வெளியே வந்த பிறகு செல்வி இன்னொன்று சொன்னாள். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், மலைமேல் குளிருமா, இந்த ஜாக்கெட் போதுமா என்று மதி அவளைக் கேட்டிருக்கிறாள். லீவுக்கு ஊருக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, "அங்கல்லாம் கம்மியாத்தான் குளிரும், இது போதும்" என்று இவளும் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பிள்ளை எத்தனை நாள் படுத்திருந்ததோ.

நாள் முழுக்க இரும்பில் விரிசல் தேடுகிறவன் நான் என்று முன்னாலேயே சொன்னேன்.

7

அந்த ஞாயிறு நான் மட்டும் பால்கனியில் நின்று போன் செய்தேன். மாமா எடுத்ததும், "மாப்ள, குட்டிங்க ரெண்டும் நல்லா துள்ளுது" என்றார்.

"மாமா, ஆட்ட நிறுத்திக்கலாம்."

"ஏன், ஆடு இன்னா பண்ணுச்சி?"

சொன்னேன்.

"புள்ள நெசம்னு நெனச்சிக்கினு இருந்திச்சா?"

"ஆமா மாமா."

"அது நம்ம பக்கத்து வூட்டு ஆடு, மாப்ள. அவங்க எப்பவோ வித்துட்டாங்க. நான் பழைய போட்டாவத்தான் அனுப்பிக்கினு இருந்தேன்." கொஞ்சம் விட்டு, "நான் பாப்பா கிட்ட பேசட்டா?" என்றார்.

"இப்ப வேணாம்."

"சரி." போனை வைக்காமல் நின்றார். "எங்க வூட்டு சின்னவனுக்கும் காலைல வேன் வர்ற நேரத்துக்கு தலவலி வருது. நடிக்கிறான்னு ரெண்டு அடி வெச்சேன் போன வாரம்."

இரண்டு ஜோக்காளர்களும் போனை வைத்தோம்.

இதை எழுதுவதே மாமாவின் அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான். வேன் வரும் நேரத்தில் வருகிற வயிற்றுவலியும் தலைவலியும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அது பிள்ளை பொய் சொல்கிறது என்பதற்குச் சான்றும் இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒரு பிள்ளையைப் பயமுறுத்த எனக்கு வெள்ளிமலைதான் கிடைத்தது. சமவெளியில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் தோற்றவர்கள் போகிற இடம் என்று ஒரு நினைப்பு; ஐயாயிரம் மைலுக்கு அப்பால் வந்தும் அதைப் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறேன். (மைல் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். மனசில் அவ்வளவு தூரம்.) அங்கே ஆடு மேய்க்கிறவர்களின் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். என் வயிற்றைச் சரி செய்ததே உங்கள் மலைதான்.

8

மதியிடம் அன்றைக்கே சொன்னேன். ஆடு கிடையாது, யாரும் உன்னை எங்கேயும் அனுப்பமாட்டார்கள், எந்தப் பள்ளியானாலும் இந்த வீட்டிலிருந்துதான் போவாய் என்று. "ம்" என்றாள். என் வாய் இத்தனை வருடம் பேசிய பேச்சுக்கு ஒரே நாளில் நம்புவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. வலி ஒரேயடியாகப் போகவில்லை. நோட்டில் இரண்டு, பூஜ்யம், மூன்று, பூஜ்யம், திடீரென்று ஒரு ஐந்து என்று போவதாக மருத்துவர் சொன்னார். காலையில் இரண்டாவது ஷூ பெரும்பாலும் காலுக்குப் போய்விடுகிறது. அரசாங்கக் கடிதங்களை இப்போது நானே அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒரு குப்பைவரிக் கடிதத்தைப் பாராட்டுக் கடிதம் என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். இது ஒரு பக்கம்.

பிப்ரவரியில் பள்ளியின் கடிதம் வந்தது. மதி பையிலிருந்து எடுத்தாள். உறையில் வைத்த மாதிரியே கசங்காமல் இருந்தது. மடித்து எங்கும் ஒளிக்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். மேஜையில் என் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

நடுப்பள்ளி என்று ஆசிரியர் பரிந்துரைத்திருந்தார். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

எனக்குள் எத்தனையோ கிளம்பியது. முதலில் வந்தது ஒரு ஜோக், நல்ல ஜோக்காகவே இருந்தது, விழுங்கினேன். அடுத்து ஒரு ஆறுதல். அடுத்து ஒரு அறிவுரை. அதற்கும் அடுத்து, இதுதான் சமயம், அந்த ரேங்க் அட்டைக் கதையை முழுசாகச் சொல்லிவிடலாம், அரணாக்கொடி, கண்டக்டர் பேனா, பக்கோடா எல்லாவற்றையும், பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மதி, அப்பா ஒன் வயசுல இருக்கும்போது வெள்ளிமலைல..."

மதி பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுப்பா."